உமாவின் இடது கால்

தம்பி,

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அந்த வரியை எழுதப் பார்த்தேன், வரமாட்டேன் என்கிறது. அதனால் விட்டுவிட்டேன். நேற்று நீ போனில் சொன்னதற்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "ஓசூர்ல வீடு பார்த்துட்டேன்மா, தீபாவளி முடிஞ்சதும் உமாவை இங்க கூட்டிட்டு வந்துர்றேன்" என்றாய். சந்தோஷம். கல்யாணமாகி நாலு வருஷமாகப் பெண்டாட்டியை எங்களிடம் விட்டுவிட்டு மாசத்துக்கு ஒரு முறை விருந்தாளி போல வந்து போகிறவனுக்கு இப்போதாவது தோன்றியதே. "சரிடா, அவ கால் விஷயம்?" என்று கேட்டேன். "அதுக்கு ஒரு ஆள் வச்சுக்கலாம்மா. காசு குடுத்தா வந்து பிடிச்சு விட்டுட்டுப் போறாங்க" என்றாய். பாத்திரம் தேய்க்க ஆள் வைப்பது போலச் சொன்னாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா? ஆனையூரில் ஒரு வாரமாக மழை. தெருவில் சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகி வாசற்படி வரை நிற்கிறது. தையல் மெஷினை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு அதன் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். உன் அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் தூங்குகிறார். உமா உள்ளே படுத்திருக்கிறாள். காலையில் மசாஜ் முடித்துக் கட்டுக் கட்டியதும், "அசதியா இருக்கு அத்தே, செத்த நேரம் படுத்துக்கிறேன்" என்றாள். பகலில் படுக்கிற பெண் இல்லை அவள். மழைக் குளிர்ச்சியாக இருக்கும் என்று போர்த்திவிட்டு வந்தேன்.

உனக்குத் தெரியாததை எல்லாம் முதலிலிருந்து சொல்கிறேன். உன் பெண்டாட்டியின் இடது கால் உனக்குத் தெரியாது. கோபப்படாதே, யோசித்துப் பார். கல்யாணத்தன்று மெட்டி போட அந்தப் பாதத்தைத் தொட்டாய். அதற்குப் பிறகு எப்போது தொட்டாய்? அவள் மறைத்தாள், நீயும் பார்க்கவில்லை. புடவையைத் தரை தொடக் கட்டுவாள், செருப்பு ஒரு சைஸ் பெரிதாக வாங்குவாள். காலேஜ் படிக்கும்போதே கணுக்காலில் லேசாக வீக்கம் வந்ததாம். யானைக்கால் என்று ஊர் பேசிவிட்டால் எவன் கட்டுவான் என்று அவளைப் பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஒரு மகள் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

எனக்குத் தெரிய வந்தது தற்செயலாக. குளித்துவிட்டு வந்தவள் வழுக்கி விழுந்தாள். தூக்கப் போனபோது பார்த்தேன். வலது கால் கால் மாதிரி இருந்தது. இடது கால் முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரே பருமன். கணுக்கால் எது, கெண்டைக்கால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி அப்படியே நின்றது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று. "ஏன்டி சொல்லல?" என்றேன். "சொன்னா அனுப்பிருவீங்கன்னு நெனச்சேன் அத்தே" என்றாள். அடிப்பாவி, ஒரு காலுக்காக ஒரு பெண்ணையே திருப்பி அனுப்புகிற குடும்பம் என்று நினைத்துவிட்டாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நான் செய்ததைக் கேள். நம் வீட்டில் கால் வலி என்றால் என்ன செய்வோம்? வெதுவெதுப்பாக விளக்கெண்ணெய் தடவி, தொடையிலிருந்து அழுத்தி உருவி, கீழே கொண்டுவந்து, விரல் நுனியில் சொடுக்கு எடுத்து உதறுவோம். வலியானாலும் கண்ணேறானாலும் கால் வழியாக இறங்கிப் போய்விட வேண்டும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பத்து விரலாலும் பலம் கொண்ட மட்டும் கீழ்நோக்கி உருவினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் பார்த்தால் பாதம் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. எண்ணெய் போதவில்லை போல என்று மறுநாளும் உருவினேன். இறங்க வேண்டும் இறங்க வேண்டும் என்று நான் இறக்கியது வலியை அல்ல, தண்ணீரை. மேலே ஏற வழியில்லாமல் கிடந்ததை இன்னும் கீழே தள்ளியிருக்கிறேன்.

பாதம் உப்பியதும் மெட்டி விரலில் புதைந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், நூல் சுற்றிப் பார்த்தோம், கழலவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றபோது உன் பெரிய அத்தை வந்து நின்றுகொண்டாள். "தாலி கழுத்துல கிடக்கையில மெட்டிய வெட்டுறதாவது! புருசனுக்கு ஆகாதுடி. வெட்டியே ஆகணும்னா நல்ல நாள் பாத்து, புது மெட்டிய வலது கால்ல போட்டுட்டு வெட்டு" என்றாள். உனக்கு ஆகாது என்ற வார்த்தையைக் கேட்டதும் என் புத்தி வேலை செய்யவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, வேண்டாம். மறுநாள் அஷ்டமி, வேண்டாம். அதற்கடுத்த நாள் நவமி. இப்படி நாள் பார்த்துக்கொண்டிருந்ததில் மெட்டிக்கு அடியில் தோல் வெடித்துவிட்டது. கடுகளவு வெடிப்புத்தான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைப் பிடிக்க முடியாமல் நடுங்கினாள். சாயங்காலத்துக்குள் உன் அப்பாவைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் வந்து ஒரு கட்டரை வைத்து மெட்டியை நறுக்கென்று வெட்டி டிரேயில் போட்டது. எந்த நாளும் பார்க்கவில்லை.

அந்த முறை நீ வந்தாய். கட்டிலின் தலைமாட்டில் நின்றாய், நெற்றியைத் தடவினாய், ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தாய். நல்ல பிள்ளைதான், இல்லை என்று சொல்லவில்லை. டாக்டர் வந்து போர்வையை விலக்கியபோது மட்டும் உனக்கு ஒரு போன் வந்தது. வெளியே போனாய். நான் கதவுக்குப் பின்னால் வந்து பார்த்தேன், போன் உன் பையில்தான் இருந்தது.

அன்று டாக்டர் சொன்னதை நீ கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். இது யானைக்கால் கொசுவால் வந்ததில்லை, அதற்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். உடம்பில் ரத்தம் தவிர நிணநீர் என்று ஒன்று ஓடுகிறது. சதையில் கசிகிற நீரைச் சேர்த்து மேலே கொண்டுபோகிற சன்னமான குழாய்கள் உண்டு. இவளுக்குப் பிறவியிலேயே இடது காலில் அவை குறைவு. நீர் தேங்குகிறது, தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் காட்டுத்தீதான். ஒவ்வொரு தடவை கிருமி புகுந்து போகும்போதும் மிச்சமிருக்கிற குழாய்களும் கெடும். அடுத்த தடவை இன்னும் சுலபமாக வரும். "இது தீர்ந்து போற நோய் இல்லம்மா, கட்டுக்குள்ள வச்சுக்கிற நோய். விட்டீங்கன்னா காலோட நிக்காது, ரத்தத்துல கலந்துரும்" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நல்ல தூக்கம் இல்லை. உனக்கும் இல்லாமல் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தல்லாகுளத்தில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்கள். கண்டிப்பான பெண். என் கையைப் பிடித்து உமாவின் தொடையில் வைத்து, "எங்க, செய்யுங்க" என்றது. நான் வழக்கம் போல அழுத்தினேன். "அம்மா, இது என்ன புரோட்டா மாவா? தோலை மட்டும் நகத்துங்க. விரலுக்குக் கீழ சதை தெரிஞ்சாலே நீங்க தப்பாப் பண்றீங்கன்னு அர்த்தம்" என்றது. வீங்கிய இடம் கீழே இருக்க, கழுத்தில் ஆரம்பிக்கச் சொன்னது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னிருக்கீங்கள்ல? பின்னாடி வண்டிக்காரன் ஆரன் அடிச்சு என்ன பிரயோசனம்? முன்னாடி நிக்கிற வண்டி நகந்தாத்தான இவன் நகர முடியும்?" என்றது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்கிறேன், மனசில் வாங்கிக்கொள். முதலில் அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிறு எழும்பி இறங்க மூச்சு விடச் சொல். பிறகு கழுத்தடியில் காறை எலும்புக்கு மேல் இருக்கிற பள்ளத்தில் விரலை வைத்துத் தோலை மெல்ல வட்டமாக நகர்த்து. அதன்பின் தொடை அடிவயிற்றோடு சேர்கிற மடிப்பு, பிறகு தொடை, பிறகு முழங்காலின் பின்பக்கம், கெண்டைக்கால், கடைசியில்தான் பாதம். இறங்கி இறங்கிப் போனாலும் கை நகர்த்துவது எப்போதும் மேல்நோக்கித்தான். எண்ணெய் கூடாது, எண்ணெய் இருந்தால் கை வழுக்கும், தோல் நகராது. அவசரமே கூடாது. தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் கன்னத்தைத் தடவுவாய் அல்லவா, அவ்வளவு பலம் போதும். முடிந்ததும் தோல் வறளாமல் கிரீம் போட்டு, விரலிலிருந்து ஆரம்பித்துக் கட்டுத்துணியைச் சுற்ற வேண்டும், கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்ச்சி. மெடிக்கலில் சுளுக்குக்குக் கொடுக்கிற இழுவைத் துணியை வாங்கிச் சுற்றாதே, அது வேறு. விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, சேற்றுப்புண் வந்துவிட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. கோயிலாக இருந்தாலும் கொதிக்கிற கல்லில் அந்தப் பாதத்தை வைக்க விடாதே. சாமி கோபித்துக்கொள்ளாது.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் கடைசியாக என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "நம்ம நிறத்துக்கு செவப்பு சட்டுனு கண்ணுல படாதும்மா. கைதான் கண்ணு. தெனமும் ஆரம்பிக்கும் முன்னாடி ரெண்டு காலையும் தொட்டுப் பாருங்க. இடது கால் சூடா இருந்தா அன்னைக்கு மசாஜ் கிடையாது, கட்டு கிடையாது, ஒண்ணும் கிடையாது. வண்டி பிடிச்சு நேரா ஆஸ்பத்திரி." இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

முதல் நாள் வீட்டில் செய்ய உட்கார்ந்தபோது உமா காலை இழுத்துக்கொண்டாள். "வேணாம் அத்தே, நீங்க பெரியவுக, என் காலைத் தொடக் கூடாது. எனக்குத்தான் பாவம்" என்று அழுதாள். "பாவத்தையெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ காலை நீட்டு" என்று அதட்டினேன். எதிர் வீட்டு சரோஜா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "என்னக்கா, மருமகளுக்கு நீங்க கால் அமுக்குறீகளாமே? கலி முத்திப் போச்சு!" என்று வாசலில் நின்று சிரித்தாள். "ஆமாடி, நீயும் வா, உனக்குக் கழுத்தை அமுக்கி விடுறேன்" என்றேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்படித்தான் தினமும் காலையில், நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல், நடந்து வருகிறது. கால் பாதியாக வற்றியது. கணுக்கால் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் அவள் கொலுசை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் அவளிடம் பேசுவது அதிகமும் அந்த நேரத்தில்தான். உன்னைப் பற்றித்தான் பேசுவோம். திட்டித்தான் பேசுவோம்.

இப்போது உன்னிடமிருந்து நான் மறைத்ததைச் சொல்கிறேன். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டே இருந்தது. துணியில் சாயமா என்று பார்த்தால், என் சுட்டுவிரலில் மெஷின் ஊசி ஏறி இறங்கியிருக்கிறது. எனக்கு வலிக்கவில்லை, தம்பி. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் தையல் டீச்சராக இருந்தவளுக்கு ஊசி குத்தியது தெரியவில்லை. சர்க்கரை டாக்டரிடம் தனியாகப் போனேன். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, காலில் வருவது உங்களுக்குக் கையிலும் வந்துவிட்டது என்றார். உறை போட்ட மாதிரி விரலிலிருந்து மணிக்கட்டு வரை மரமரப்பு. கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உன் அப்பா "அடியே, சுடலையா?" என்று கேட்டால், "எனக்கென்ன, அடுப்படியிலயே வெந்த கை" என்று சிரித்து மழுப்பிவிடுகிறேன்.

சூடு தெரியாத கையை வைத்துக்கொண்டு எப்படி தினமும் மசாஜ் செய்தேன் என்று கேட்பாய். உமாவிடம் கேட்டுக்கொள்வேன். "சூடு இருக்காம்மா?" என்பேன். "இல்ல அத்தே, சில்லுனு இருக்கு" என்பாள். அதை நம்பித்தான் கை வைத்தேன். நான் நிறுத்தினால் வேறு யார் செய்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்ளதைச் சொல்கிறேனே, நான் இல்லாமல் அவளுக்கு ஆகாது என்பதில் எனக்கு ஒரு பெருமை. நீ ஓசூருக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அந்தப் பெருமைதான். "வேணாம்டா, அவ இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். எழுத எழுத, அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை.

இரு. உள்ளே ஏதோ சத்தம். கட்டில் ஆடுகிற மாதிரி கேட்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

தம்பி, மேலே எழுதியதற்கும் இதற்கும் நடுவில் ஒரு பகல் போய்விட்டது. இப்போது சாயங்காலம். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆடியது கட்டில் இல்லை, உமா. போர்வைக்குள் முழு உடம்பும் தூக்கித் தூக்கிப் போட்டது. "குளுருது அத்தே" என்றாள், பல் கிட்டிக்கொண்டது. கட்டை அவிழ்த்தேன். காலைப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை வைத்தேன், கைக்கும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை, புறங்கை எல்லாம் வைத்துப் பார்த்தேன். மரக்கட்டைமேல் கை வைத்த மாதிரி இருந்தது. உன் அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். "வந்து இந்தக் காலைத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கான்னு சொல்லுங்க" என்றேன். அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. "மருமக காலை நான் எப்படிடி தொடுறது?" என்றார். "எனக்குக் கை செத்துப் போச்சுங்க, சூடு தெரியலை, தொடுங்க" என்று அலறினேன். அவருக்கு நான் சொன்னதே புரியவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் தரையில் உட்கார்ந்து, குனிந்து, என் கன்னத்தை அவள் வலது பாதத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது. பிறகு இடது பாதத்தில் வைத்தேன். சுட்டுவிட்டது. இஸ்திரிப் பெட்டியில் வைத்த மாதிரி சுட்டது, தம்பி. காலையில் இந்தக் காலைத்தான் நான் பொறுமையாகத் தடவித் தடவி, உள்ளே இருந்ததை எல்லாம் மேலே ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அதன் மேல் இறுக்கிக் கட்டும் கட்டியிருக்கிறேன். உன் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் முழங்கால் தண்ணீரில் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. "காலையில சூடா இருந்துச்சா உமா? உண்மையச் சொல்லு" என்று கேட்டேன். "ராத்திரியே இருந்துச்சு அத்தே" என்றாள். "ஏன்டி சொல்லல?" என்றேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க கை மரத்துப் போனது எனக்கு எப்பவோ தெரியும். அதான் தெனமும் நானே மொதல்ல தொட்டுப் பாத்துட்டு உங்ககிட்ட சொல்லுவேன். இன்னைக்கு சூடு இருக்குன்னு நான் சொன்னா, தெனமும் தொடுற உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு எல்லாரும் கேப்பாக. உங்களை நிறுத்திருவாக. அப்புறம் என் காலைத் தொட யாரு அத்தே இருக்கா?" அப்போது ஆட்டோ தண்ணீரில் ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

இங்கே டாக்டர் சின்னப் பையன். "காலையில மசாஜ் பண்ணீங்களா?" என்று கேட்டான். "பண்ணேன்" என்றேன். அவன் அதைத் தாளில் எழுதிக்கொண்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரஷர் இறங்கியிருக்கிறது, ரத்தத்தில் கலந்திருக்கிறதா என்று நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார்கள். இரண்டு பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. கெண்டைக்காலில் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், சூடு அந்தக் கோட்டைத் தாண்டி மேலே ஏறுகிறதா என்று பார்க்க. நர்ஸ் அடிக்கடி வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது. கடைசியாக வந்தபோது பழைய கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டது. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ பஸ் ஏறிவிட்டதாக உன் அப்பா சொன்னார். வந்ததும் இந்தத் தாளை உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டு, பரவாயில்லை, நானே என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவளைப் பெற்றவர்கள் வந்தால் அவர்களிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அங்கே இங்கே நிற்காதே. அவள் முகத்தருகே போய் நிற்காதே. நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போ. போர்வையை நீயே விலக்கு. கையைக் கழுவிக்கொண்டு, புறங்கையை முதலில் வலது காலில் வை, பிறகு இடது காலில் வை. அவள் கண் விழித்திருந்தால் இழுத்துக்கொள்ளப் பார்ப்பாள், விடாதே. சூடு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்து வந்து எனக்குச் சொல். உன் கைக்குத் தெரியும்.

அம்மா